படைப்புக்கு வந்த பங்காளிகளும் பத்து நாள் மாத்திரையும்

கேள்வி: தேவகோட்டை பக்கத்துக் கிராமம். வயது 31. என் கணவருக்கு எச்.ஐ.வி. இருப்பது மூன்று வருடத்துக்கு முன் தெரிந்தது. எனக்கு இல்லை. அவர் எச்.ஐ.வி.யை அடக்கி வைக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறார். தை மாதம் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்த்ததில் 'கண்டறிய முடியாத அளவு' என்று வந்தது. அன்றிலிருந்து ஆணுறை வேண்டாம் என்கிறார். கேட்டால், "டாக்டரே சொன்னப்புறமும் என்னை நம்ப மாட்டியா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மாமியாருக்கு எதுவும் தெரியாது. போன மாதம் முன்னோர்களுக்குச் செய்யும் படைப்பும் பெரிய மாமனாரின் வயது நிறைவுச் சாந்தியும் சேர்ந்து வந்ததில் வீடு நிறையப் பங்காளிகள். பத்து நாளும் மாத்திரையைப் பெட்டகத்திலிருந்து எடுக்க முடியவில்லை. மற்றபடி ஒழுங்காகச் சாப்பிடுவார். ஆணுறை கேட்டு அவர் மனதை நோகடிக்கலாமா, ஆச்சி?

பதில்: ஆணுறை பற்றி இவ்வளவு எழுதிய நீ, பத்து நாள் மாத்திரையை ஒரே வரியில் தாண்டிவிட்டாய், ஆத்தா. அதையும் 'மற்றபடி ஒழுங்காகச் சாப்பிடுவார்' என்று உடனே பூசி மெழுகிவிட்டாய். நான் அந்த வரியை விட்டு நகர்வதாக இல்லை.

டாக்டர் சொன்னது சரி. தினமும் மருந்து எடுத்து, வைரஸ் கண்டறிய முடியாத அளவிலேயே நிற்கிறவரிடமிருந்து உடலுறவில் துணைக்குத் தொற்றாது. 2016இல் வெளிவந்த 'பார்ட்னர்' ஆய்வில், ஆணுறை இல்லாமல் உறவு வைத்திருந்த 888 ஜோடிகளை ஐரோப்பாவில் தொடர்ந்து கவனித்தார்கள். ஒருவருக்குக்கூடத் தன் துணையிடமிருந்து வரவில்லை. ஆனால் அவர்கள் மருந்தைப் பெட்டகத்தில் பூட்டி வைத்தவர்கள் இல்லை. மாத்திரை அந்தக் கிருமியை ஒழிப்பதில்லை, பெருகவிடாமல் அமுக்கி வைக்கிறது, அவ்வளவுதான். நிறுத்தினால் சில வாரங்களிலேயே அது மறுபடி கிளம்பிவிடும். உன் வீட்டுக்காரர் நீட்டுகிற ரிப்போர்ட் தை மாதத்து ரத்தத்தைப் பற்றியது. படைப்புக்குப் பிறகு சோதித்தாரா? சோதிக்காமல் "என்னை நம்ப மாட்டியா" என்று கேட்க அவருக்கு என்ன உரிமை?

பங்காளிகள் கண்ணில் பட்டுவிடுமாம்! இது மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. எதை எடுத்தாலும் கடைசியில் வந்து நிற்பது ஊர் என்ன சொல்லும் என்பதில்தான். படைப்பு வீட்டுப் பந்தியில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் டப்பா திறக்காத பெரியவர் யார்? அந்தக் கூட்டத்தில் இன்னொருவர் ஒரு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தால் யார் துருவப் போகிறார்கள்? முன்னோர்களுக்குப் படைக்க வேஷ்டி, சேலை எல்லாம் மறக்காமல் எடுத்து வைத்தீர்கள். உயிரோடு இருக்கிறவரின் மாத்திரை மறந்துபோனது. நீயும்தான். பத்து நாளும் பார்த்துக்கொண்டு பணியாரம் சுட்டாயே, ஒரு வேளையாவது டம்ளரோடு போய் அவர் முன்னால் நின்றாயா?

மாமியாரிடம் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கல்யாணமான பிள்ளையை ஒரே வளவுக்குள் வேறு வைத்து, தனி அடுப்பும் தனி அறையும் கொடுத்தவர்கள் நம் பெரியவர்கள். ஆத்தா அப்பச்சிக்குத் தெரிய வேண்டாத வாழ்க்கை ஒன்று பிள்ளைகளுக்கு உண்டென்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டமும் அவர் ரகசியத்தைக் காக்கிறது. அதே சட்டம், மற்றவருக்குத் தொற்றாமல் பார்த்துக்கொள்ளும் கடமையையும் அவரிடம் வைக்கிறது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வேன் என்றால் எப்படி? குடும்ப மானத்தைக் காக்கிற ஆண், மனைவியின் உடம்பைப் பணயம் வைத்துக் காப்பதை நான் மானம் என்று ஒப்புக்கொள்ளமாட்டேன்.

மனம் நோகுமா என்று கேட்டாய். நோகட்டும். வைரல் லோடு புதிதாகப் பார்த்து, ஆணுறை இல்லாமல் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லும்வரை ஒவ்வொரு தடவையும் ஆணுறை வேண்டும். அதற்குப் பிறகும் உனக்கு வேண்டுமென்றால் வேண்டும்தான். அதற்குக் காரணம் சொல்ல வேண்டிய அவசியம் உனக்கில்லை. தெரிந்தவர் மருந்துக்கடையில் வாங்கக் கூச்சமாக இருந்தால், அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிற நம்பிக்கை மையத்தில் இலவசமாகவே தருவார்கள். தேங்காய் எண்ணெய் தடவாதே, ரப்பர் இற்றுக் கிழிந்துவிடும். வெயில் படுகிற இடத்திலும் வைக்காதே. அதே மையத்தில் உனக்கும் இப்போது ஒரு பரிசோதனை, மூன்று மாதம் கழித்து இன்னொன்று. இனி எப்போதாவது ஆணுறை கிழிந்து பயம் வந்தால் காத்திருக்காதே. 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போனால் 28 நாள் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். நேரில் கேட்கத் தயக்கம் என்றால் எச்.ஐ.வி. உதவி எண் 1097க்குப் போன் செய், கட்டணம் கிடையாது.

அடுத்த தடவை அவர் மாத்திரை வாங்கப் போகும்வரை காத்திருக்காதே, இந்த வாரமே கூட்டிக்கொண்டு போ. பத்து நாள் விட்டுப்போனதை டாக்டரிடம் அவரே சொல்லட்டும். வாய் திறக்காவிட்டால், அங்கேயே அவர் முன்னாலேயே நீ சொல்லிவிடு.