வேர்டு தெரியும் என்றால் போதுமா? இன்டர்ன்ஷிப் போகிறவர்களின் கேள்விகள்

கல்லூரி மாணவர்களுக்கு ஆபீஸ் கம்ப்யூட்டர் வேலை சொல்லித் தருவதும், அவர்களை இன்டர்ன்ஷிப்புக்கு அனுப்பி வைப்பதும் என் பொறுப்பு. அது தொடர்பாக வந்த கேள்விகளில் சில:

மேடம், பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ரெஸ்யூமில் "எம்எஸ் வேர்டு தெரியும்" என்று போட்டிருக்கிறேன். ஆடிட்டர் ஆபீஸில் என்ன கேட்பார்கள்?

ஒன்றும் கேட்க மாட்டார்கள் தம்பி. பழைய கடிதம் ஒன்றைத் திறந்து கொடுத்து, "பேரையும் தேதியையும் மாத்தி பிரின்ட் எடுப்பா" என்பார்கள். வேர்டு தெரியுமா என்பது அங்கேதான் தெரியும்.

இப்போதே நீங்கள் அடித்த கடிதம் ஒன்றைத் திறந்து கன்ட்ரோல், ஷிப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். திரையில் புள்ளி புள்ளியாக வரும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஸ்பேஸ். தேதியை வலது ஓரத்துக்குத் தள்ள நாற்பது புள்ளி இருந்தால் அந்தக் கடிதம் தேறாது. "மே" என்று இருந்த இடத்தில் "செப்டம்பர்" என்று அடித்தால் பாதித் தேதி அடுத்த வரிக்குப் போய்விடும். தேதி மட்டும் உள்ள வரி என்றால் கன்ட்ரோல், ஆர் போதும். இடப்பக்கம் ஊர்ப் பெயரும் வலப்பக்கம் தேதியும் ஒரே வரியில் வேண்டுமென்றால் மேலே ரூலரில் வலது டேப் (எழுத்தை வலது ஓரத்தில் நிறுத்தும் குறி) வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பக்கம் வேண்டுமா? என்டரைத் தட்டிக்கொண்டே போகாமல் கன்ட்ரோல், என்டர். தலைப்பைக் கையால் தடிமனாக்காமல் ஹெடிங் ஸ்டைல் கொடுத்தால், கடைசியில் பொருளடக்கத்தை வேர்டே போட்டுத் தரும்.

நீங்கள் செய்த கோப்பை இன்னொருவர் திறந்து சிக்கலில்லாமல் திருத்த முடிய வேண்டும். ஆபீஸில் பார்ப்பது இதைத்தான். டைப்பிங் வேகமெல்லாம் அப்புறம்.

அச்சகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறேன். வீட்டில் தமிழில் அடித்துக் கொண்டுபோனது அங்கே வெறும் ஆங்கில எழுத்தாகத் தெரிகிறது.

பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்திருப்பீர்கள். அவற்றில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை உட்கார வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியில் இருக்கும் ஆங்கிலம்தான் தெரியும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை. அரசு அலுவலகங்களுக்குத் தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடு என்று முடிவு செய்துவிட்டது. விசைப்பலகைக்குத் தமிழ் 99 பழகுங்கள். 1999-ல் அரசு ஏற்ற அமைப்பு அது. தமிழ் இணையக் கல்விக்கழகம் எழுத்துருக்களை இலவசமாகவே தருகிறது.

ஆனால் அச்சகத்தில் முதல் நாளே எதில் வேலை என்று கேட்டுவிடுங்கள். பக்கம் வடிவமைக்கும் பழைய பேஜ்மேக்கர் மென்பொருள் ஓடும் இடங்கள் இன்னும் உண்டு, அதற்கு யூனிகோடு தமிழ் ஆகாது. அங்கே பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் கொடுக்க வேண்டும். மாற்றும் முன் மூலக் கோப்பைத் தனியே பிரதி எடுத்து வையுங்கள்.

வேர்டு வாங்கக் காசு இல்லை மேடம்.

லிப்ரே ஆபீஸ் ரைட்டர் இலவசம். நான் மேலே சொன்ன அத்தனையும் அதிலும் உண்டு, குறுக்கு விசைகள் சில மட்டும் மாறும். வேர்டு கோப்பு வகையான டாக்எக்ஸ் ஆகச் சேமித்து, கூடவே ஒரு பிடிஎஃப்பும் அனுப்பிவிடுங்கள்.

என் மகள் டிப்ளமா கடைசி வருஷம். இன்டர்ன்ஷிப் போன கம்பெனியில் சம்பளம் தரவில்லை. அப்ரண்டிஸ் என்றால் பணம் உண்டு என்கிறார்களே, இரண்டும் ஒன்றில்லையா?

இல்லைம்மா. அப்ரண்டிஸ் பயிற்சி 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருவது. எழுதிப் பதிவு செய்த ஒப்பந்தம் இருக்கும். உதவித்தொகை தந்தே ஆக வேண்டும். இன்ஜினியரிங் பட்டம், டிப்ளமா முடித்தவர்களை 1973-ல் திருத்தம் செய்து அதில் சேர்த்தார்கள். குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்றுக்கொள்ளும். தென் மாநிலங்களுக்கான அப்ரண்டிஸ் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. படிக்கும்போது போகும் இன்டர்ன்ஷிப் பாடத்திட்டத்தில் ஒரு பகுதி, அதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது. படிப்பு முடிந்ததும் மகளை அப்ரண்டிஸுக்குப் பதியச் சொல்லுங்கள்.

சம்பளம் இல்லாததை விட எனக்கு வருத்தம், வேலையே தராமல் ஜெராக்ஸ் எடுக்க வைப்பதுதான். அப்படியானால் அன்றன்று செய்ததை டைரியில் எழுதி, கல்லூரிப் பொறுப்பாளரிடம் முதல் வாரமே காட்டட்டும். "சர்டிபிகேட்டுக்குப் பணம் கட்டு" என்று கேட்கும் இடத்துக்குப் போகவே வேண்டாம்.

கோவையில் சின்ன கம்பெனி நடத்துகிறேன். இரண்டு மாணவர்கள் வருகிறார்கள். என்ன வேலை கொடுப்பது?

டீலர்களுக்குப் பாக்கி நினைவூட்டுக் கடிதம் அனுப்புவீர்கள் இல்லையா சார்? அதையே கொடுங்கள். பெயர், ஊர், தொகை எக்செலில் இருக்கட்டும், கடிதம் வேர்டில். இரண்டையும் இணைக்கும் மெயில் மெர்ஜ் போட்டால் எல்லாருக்கும் ஒரே மூச்சில் வந்துவிடும். எடுத்ததும் பத்துக் கடிதத்தைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருவர் பாக்கி இன்னொருவர் பெயரில் போனால் உங்களுக்குத்தான் போன் வரும்.

திருத்தும்போது டிராக் சேஞ்சஸை ஆன் செய்துவிட்டுத் திருத்துங்கள். எங்கே மாற்றினீர்கள் என்று பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து விளக்க வேண்டியதில்லை. கோப்புக்கு எப்படிப் பெயர் வைப்பது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் "பைனல்", "பைனல் புதுசு", "இதுதான் பைனல்" என்று மூன்று கோப்பு கிடக்கும்.