கூரை வரையும் மகளை எங்கே சேர்ப்பது?

மதிப்பிற்குரிய அம்மா,

சென்ற சனிக்கிழமை நீங்கள் மகளுடன் சுங்கை சிப்புட் ஆலோசனை மையத்திற்கு வந்திருந்தபோது வெளியே பலர் காத்திருந்ததால், உங்கள் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல முடியவில்லை. “பள்ளி இறுதி எஸ்.பி.எம். தேர்வை வைத்துக்கொண்டு, ஒரே ஒரு கூரையை நான்கு நாளாக வரைவதும் அழிப்பதுமாக இருக்கிறாள். இதெல்லாம் ஒரு வேலைக்கு ஆகுமா, ஐயா?” என்று கேட்டீர்கள். அந்த நான்கு நாளில் அவள் என்னதான் செய்தாள் என்பதை நீங்கள் பேருந்துக்குப் போகும் முன் அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். என் பதிலை அங்கிருந்து தொடங்குவதே முறை.

அவள் வரைந்தது ‘எல்’ வடிவ வீடு. ஒரு பகுதியின் அகலம் 8 மீட்டர். பக்கவாட்டில் நீளும் மற்றப் பகுதியின் அகலம் 6 மீட்டர். கட்டடங்களை முப்பரிமாணத்தில் வரைய உதவும் ரெவிட் மென்பொருளில் வீட்டின் சுற்றுக்கோட்டை வரைந்து, எந்தெந்த ஓரம் சாய வேண்டும் என்று குறித்து, 30 பாகை என்று கொடுத்தால் கூரையை அது தானே எழுப்பிவிடும். எழுப்பியது, ஆனால் இரண்டு முகடுகளும் ஒரே உயரத்தில் வரவில்லை. அகன்ற பகுதியின் முகடு சுவர் மட்டத்திலிருந்து 2.31 மீட்டரிலும், குறுகிய பகுதியின் முகடு 1.73 மீட்டரிலும் நின்றன. மென்பொருளில் ஏதோ கோளாறு என்று முதல் நாள் முழுவதும் நினைத்திருக்கிறாள். மறுநாள்தான், பாதி அகலத்தைச் சாய்வுக் கோணத்தின் டான்ஜென்டால் பெருக்கினால் முகட்டின் உயரம் கிடைக்கும் என்பதும், அகலம் குறைந்தால் உயரமும் குறைந்தே தீரும் என்பதும் அவளுக்குப் பிடிபட்டது. படிவம் மூன்றில் படித்த கணக்குதான். ஆனால் அது கூரைக்குள் இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

முகடுகளைச் சமமாக்க, குறுகிய பகுதியின் சாய்வை ஏறக்குறைய 37.6 பாகைக்கு உயர்த்தினாள். முகடு சரியானது, இறவாணம், அதாவது சுவருக்கு வெளியே நீளும் கூரை ஓரம், கெட்டது. சுவரைத் தாண்டிக் கூரை 60 செண்டிமீட்டர் நீண்டிருந்ததால், சாய்வு கூடிய பகுதியின் ஓரம் மற்றதைவிடப் பன்னிரண்டு செண்டிமீட்டர் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது. அந்த மூலையில் மழைநீர்ப் பீலியைத் தொடர்ச்சியாகப் பொருத்த முடியாது. நான்காம் நாள், அந்தப் பகுதியின் நீட்டத்தை மட்டும் 45 செண்டிமீட்டராகக் குறைத்து, இரண்டு ஓரங்களையும் ஒரே மட்டத்திற்குக் கொண்டுவந்தாள். இறவாணங்களைச் சமன் செய்வதற்கென்றே ‘அலைன் ஈவ்ஸ்’ என்ற கருவி அந்த மென்பொருளில் இருக்கிறது. அது தெரியாமல் பயிற்சிப் புத்தகத்தின் பின்னட்டையில் கணக்குப் போட்டே விடையைக் கண்டிருக்கிறாள். அந்தப் பின்னட்டையை என்னிடம் காட்டினாள். அவளுடைய தேர்ச்சி அறிக்கையைவிட அதுதான் எனக்கு அதிகம் சொல்லியது.

இதை நான் இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. என்னிடம் வரும் மாணவர்களில் பலர் கூரையை வெளிப்பார்வைக்கு அழகாக வரைந்துவிடுகிறார்கள். இரண்டு கூரைகள் சேரும் பள்ளத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்டால் திகைக்கிறார்கள். பழைய தோட்டத்து லயத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். நீளமான ஒரே முகடு, இரண்டு பக்கச் சரிவு, தகரம். பள்ளமே கிடையாது என்பதால், தகரம் துருப்பிடிக்கும் வரையில் பெரும்பாலும் ஒழுகாது. பின்னால் அடுப்படியை நீட்டிக் கட்டி, புதுத் தகரத்தைப் பழைய தகரத்தோடு சேர்த்த இடத்தில்தான் ஒழுக்கு தொடங்கும். மாலை மழைக்குப் பாத்திரம் வைப்பதும் அங்கேதான். கணினியில் ஒரு கூரையை இன்னொரு கூரையோடு இணைப்பது ஒரு சொடுக்கு வேலை. அந்த இணைப்பில் தண்ணீர் தேங்குமா என்று யோசிப்பதுதான் தொழில், அந்த யோசனை உங்கள் மகளுக்கு இயல்பாகவே வருகிறது. ஆகவே, இது வேலைக்கு ஆகும் என்பதே என் பதில்.

ஆனால் எந்த வேலை என்பதில் தெளிவு வேண்டும். மலேசியாவில் கட்டடக் கலைஞர் என்ற பெயரை விரும்பியவரெல்லாம் போட்டுக்கொள்ள முடியாது. 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மலேசியக் கட்டடக் கலைஞர் வாரியத்தில் பதிவு பெற வேண்டும். அதற்கு இளங்கலை, முதுகலை, பிறகு அனுபவத்தோடு ஒரு தொழில்முறைத் தேர்வு என்று நீண்ட பாதை இருக்கிறது. அவ்வளவு தூரம் போகாமலும் இத்துறையில் கண்ணியமாக வாழலாம். கட்டட வரைவாளராகவோ, முப்பரிமாண மாதிரி அமைப்பவராகவோ அலுவலகங்களில் வேலை உண்டு. கட்டட வரைவாளர் தகுதி பெற்று அதே வாரியத்தில் பதிவு செய்துகொள்ளவும் வழியிருக்கிறது.

எனவே எஸ்.பி.எம். முடிந்ததும், அரசு உயர்கல்விக்கான யு.பி.யு. விண்ணப்ப முறை வழியாகப் பாலிடெக்னிக்கின் கட்டடக்கலை டிப்ளோமாவை முதல் தேர்வாகக் குறிக்கும்படி சொல்லுங்கள். பட்டப்படிப்புக்குப் போகும் கதவு அதில் மூடப்படுவதில்லை. இந்தப் படிப்பு எல்லாப் பாலிடெக்னிக்கிலும் இல்லை. ஈப்போ பாலிடெக்னிக் பக்கத்தில் இருக்கிறது, தினமும் வீட்டுக்கு வந்துவிடலாம் என்பதற்காக மட்டும் வேறு துறையில் சேர்த்துவிடாதீர்கள். பெண் பிள்ளையை விடுதிக்கு அனுப்பும் தயக்கம் எனக்குப் புரிகிறது. அதைப் பற்றித் தனியாகப் பேசுவோம். இப்போதைக்கு அவள் கணிதத்தைக் கைவிடக் கூடாது. மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது என்பதை அவளுக்கு நினைவூட்டுங்கள். வரலாற்றுப் புத்தகத்தை அவள் திறப்பதே இல்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில வாரங்களில் மென்பொருள் கற்றுக்கொடுத்துச் சான்றிதழ் தருகிறோம் என்று பல ஆயிரம் ரிங்கிட் கேட்பவர்களிடம் இப்போது போக வேண்டாம். அப்படிப் போன ஒரு மாணவன் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு என்னிடம் திரும்பி வந்தான். கருவிகளின் பெயரெல்லாம் அவனுக்கு மனப்பாடம், கட்டடத்தை வெட்டி உள்ளே காட்டும் ஒரு வெட்டுமுக வரைபடத்தை வாசிக்கத் தெரியவில்லை. ரெவிட்டின் கல்வி உரிமம் தகுதியுள்ள மாணவர்களுக்கு ஓராண்டுக்கு இலவசம்; பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். புதுக் கணினியும் இப்போது தேவையில்லை. டிப்ளோமாவில் இடம் கிடைத்த பிறகு வாங்கினால் போதும்.

உங்கள் பக்கத்து வீட்டுக் கட்டடக் குத்தகையாளர் தம்முடைய வேலைக்குப் படம் வரைந்து தரும்படி கேட்பதாக உங்கள் மகள் சொன்னாள். வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடட்டும். கல்வி உரிமத்தில் சம்பாத்தியத்திற்கு வரையக் கூடாது; நகராண்மைக் கழகத்திற்குப் போகும் வரைபடத்தில் பதிவு பெற்றவரின் கையொப்பமும் வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாருங்கள். அதற்குள், அளவு நாடாவை எடுத்து உங்கள் வீட்டு அடுப்படிக் கூரை பழைய கூரையோடு சேரும் இடத்தை அளந்து, கணினியில் அல்லாமல் தாளில் வரைந்து கொண்டுவரச் சொல்லுங்கள். எந்த இடத்தில் சொட்டுகிறது என்று நீங்கள் காட்டிக்கொடுங்கள். ஏன் அங்கே சொட்டுகிறது என்பதை அவள் எனக்கு விளக்கட்டும்.