பிரின்ஸ் ரிவர்ஸ்: சார்ஜன்ட், சட்டமன்ற உறுப்பினர், ஊர் நீதிபதி – கேள்வி பதில்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் சார்ஜன்ட்டாக இருந்து, பிறகு தென் கரோலினாவின் உள்ளூர் அரசியலில் உயர்ந்த பிரின்ஸ் ரிவர்ஸைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: ஐயா, இவர் பெயரை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். யார் இவர்?

பதில்: தென் கரோலினாவின் பியூஃபோர்ட் பகுதியில் அடிமையாகப் பிறந்தவர். எஜமானரின் சாரட்டு வண்டியை ஓட்டினார். அந்த வட்டாரத்திலேயே கைதேர்ந்த வண்டியோட்டி என்று பேர். அடிமைக்கு எழுத்தறிவிப்பதைச் சட்டம் தடுத்திருந்த மாநிலத்தில் அவர் எழுதப் படிக்கக் கற்றிருந்தார். போர் வந்ததும் தப்பித்து, 1862-இல் வடக்குப் படையில், அதாவது பிரிந்துபோன தென் மாநிலங்களை எதிர்த்த மத்திய அரசின் படையில், சேர்ந்துவிட்டார். பிடித்துக் கொடுப்பவருக்கு 2,000 டாலர் என்று சாலையோரம் நோட்டீஸ் ஒட்டியிருப்பதாக முகாமில் பேசிக்கொண்டார்கள்.

கேள்வி: எந்தப் பெரிய சண்டையில் பேர் வாங்கினார்?

பதில்: அவர் பேர் வாங்கியது நிர்வாகத்தில். அடிமைத்தளையிலிருந்து வந்தவர்களைக் கொண்டு அமைந்த முதல் தென் கரோலினா தொண்டர் படையில் முகாமின் காவலும் ஒழுங்கும் அவர் பொறுப்பு. படையின் தலைவரான வெள்ளையர் கர்னல் ஹிக்கின்சனுக்குத் தினமும் அறிக்கை எழுதிக் கொடுப்பார். அவரளவு நிர்வாகத் திறமை உள்ள வெள்ளை அதிகாரி தன் படையில் ஒருவரும் இல்லை என்று கர்னலே எழுதி வைத்திருக்கிறார். நியூயார்க் போனபோது, கையில் சார்ஜன்ட் பட்டையைப் பார்த்துப் பிராட்வே தெருவில் ஒரு கும்பல் சூழ்ந்துகொண்டது. போலீஸ் வரும்வரை தனியாளாகவே சமாளித்தார்.

1863 ஜனவரி 1, அடிமைகளுக்கு விடுதலை அறிவித்த லிங்கனின் பிரகடனம் முகாமில் வாசிக்கப்பட்ட நாள். கர்னல் கொடியைக் கையில் எடுத்ததும், கூட்டத்திலிருந்து கரகரத்த குரலில் ஒரு முதியவர் நாட்டைப் போற்றும் பாட்டைத் தொடங்கினார். இரண்டு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள், அப்புறம் சுற்றியிருந்த கறுப்பின மக்கள் எல்லோரும். மேடையில் இருந்த வெள்ளையர்களும் பாடத் தொடங்க, கர்னல் கையமர்த்தினார்: அது கறுப்பின மக்களின் பாட்டு, அவர்களே பாடட்டும் என்பதுபோல. பாட்டு முடிந்து கொடி போய்ச் சேர்ந்த கைகள் ரிவர்ஸுடையவை. எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

கேள்வி: வெள்ளை வீரர்களுக்குச் சமமான சம்பளம் கிடைத்ததா?

பதில்: இல்லை. சாதாரண வெள்ளை வீரருக்கு மாதம் 13 டாலர். கறுப்பின வீரர்களுக்கு 10 டாலர், அதிலும் உடுப்புக்கென்று 3 டாலர் பிடித்தம். இந்தப் படைக்கு முழு நியாயம் கிடைக்க 1865 ஆகிவிட்டது.

கேள்வி: அரசியலுக்கு எப்படி வந்தார்?

பதில்: 1868-இல் மாநிலத்தின் புதிய அரசமைப்பை எழுதிய மாநாட்டில் உறுப்பினர். அதே ஆண்டு முதல் 1874 வரை சட்டமன்றத்தில் இருந்தார். 1871-இல் எய்க்கன் மாவட்டம் உருவானதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. சவன்னா ஆற்றங்கரையில் உள்ள ஹாம்பர்க் ஊரில் நீதிபதியாகவும் இருந்தார்.

கேள்வி: ஹாம்பர்க் படுகொலை அவர் கண்முன் நடந்ததுதானே? ஏன் தடுக்கவில்லை?

பதில்: தடுக்கத்தான் ஓடினார். 1876 ஜூலை 4 அன்று கறுப்பின மிலிஷியா (மாநில அரசின் உள்ளூர்க் குடிப்படை) ஹாம்பர்க் தெருவில் அணிவகுத்தபோது, வண்டியில் வந்த இரண்டு வெள்ளையர் வழி கேட்டுத் தகராறு செய்தார்கள். கடைசியில் வழியும் விடப்பட்டது. ஆனாலும் மிலிஷியா வழியை மறித்ததாக, நீதிபதியான ரிவர்ஸிடம் புகார் வந்தது. வழக்கை 8-ஆம் தேதிக்கு ஒத்திவைத்தார். அன்று புகார்காரர் தரப்பு வக்கீலாக வந்தவர் உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களின் படைத் தளபதியாக இருந்த மேத்யூ பட்லர். கூடவே ஆயுதம் ஏந்திய கூட்டம். மிலிஷியா துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டும் என்றார் பட்லர். ரிவர்ஸ் இரு தரப்புக்கும் நடுவே தூது போனார். மிலிஷியாத் தலைவர் டாக் ஆடம்ஸ் மறுத்தார். அது மாநில அரசின் துப்பாக்கி, அதைக் கேட்கப் பட்லருக்கு அதிகாரமே கிடையாது. ஆடம்ஸ் செய்தது சரி என்றே நினைக்கிறேன்; ரத்தம் சிந்தக் கூடாது என்று தவித்த ரிவர்ஸையும் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் அகஸ்டாவிலிருந்து பீரங்கியே வந்துவிட்டது. ரிவர்ஸ் கையில் இருந்ததோ நீதிமன்ற ஆணை மட்டும். அன்றிரவு 6 கறுப்பினத்தவரும் 1 வெள்ளையரும் இறந்தார்கள். அந்த 6 பேரில் 4 பேர் பிடிபட்ட பிறகு சுட்டுக் கொல்லப்பட்டவர்கள்.

கேள்வி: யாருக்காவது தண்டனை?

பதில்: ரிவர்ஸ் மரண விசாரணை நடத்தினார். கொலைக்கும்பல் ஊருக்குள் வந்துபோன மறுநாட்களில், அதே நாற்காலியில் உட்கார்ந்து! அவர் வாழ்க்கையிலேயே துணிச்சலான காரியம் இது என்பேன். 94 வெள்ளையர் மீது குற்றம் சாட்டப்பட்டது. ஒருவர்கூடத் தண்டனை பெறவில்லை. பட்லர் அடுத்த ஆண்டே அமெரிக்க செனட்டுக்குப் போனார்.

கேள்வி: ரிவர்ஸ் அப்புறம் என்ன ஆனார்?

பதில்: போருக்குப் பிறகு மாநிலத்தில் இருந்த மத்தியப் படையின் பாதுகாப்பு 1877-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது, ஆட்சி பழைய வெள்ளையர் கைகளுக்குப் போனது. ரிவர்ஸின் பதவிகளும் போயின. பிழைப்புக்காக மறுபடி வண்டி ஓட்டினார், 1887-இல் இறந்தார்.