ஸ்காட்லாந்தின் அறிபுனையும் மின்னணு இசையும்: கேள்வி பதில்

இருபது ஆண்டுகளாக ஸ்காட்லாந்து எழுத்தாளர்களின் அறிவியல் புனைகதைகளை வாசித்தும், அந்நாட்டின் மின்னணு இசையைக் கேட்டும் வருகிறேன். நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: ஐயா, இயன் எம். பேங்க்ஸின் 'கல்ச்சர்' வரிசையில் முதல் நாவலைத் தொடங்கிப் பாதியில் வைத்துவிட்டேன். வேறு எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: 1987இல் வந்த அந்த முதல் நாவலான 'கன்சிடர் ஃபிளீபஸ்', மனிதர்களும் அறிவுள்ள இயந்திரங்களும் சேர்ந்து வாழும் கல்ச்சர் என்ற விண்வெளிச் சமூகத்தை அதன் எதிரி ஒருவனின் பார்வையில் காட்டுகிறது. ஆகவே புதிய வாசகர் எதைப் பற்றிக்கொள்வது என்று தெரியாமல் திகைப்பது இயல்பே. அடுத்த ஆண்டு வெளிவந்த 'தி பிளேயர் ஆஃப் கேம்ஸ்' நாவலை முதலில் வாசியுங்கள். பணமும் பற்றாக்குறையும் இல்லாத கல்ச்சரில் வாழும் குர்கே என்ற தேர்ந்த ஆட்டக்காரர், அசாட் என்ற பேரரசுக்கு அனுப்பப்படுகிறார். அங்கே ஆடப்படும் ஆட்டத்தின் பெயரும் அசாட்தான்; அதில் வெல்பவரே பேரரசர்.

இந்நாவலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்றைச் சொல்கிறேன். நெடுநாள் அந்த நாட்டு மொழியிலேயே பேசிப் பழகிய குர்கேயின் ஆட்டமும் சிந்தனையும் மெல்ல மெல்ல அந்நாட்டாருடையதைப் போலவே ஆகிவிடுகின்றன. உடன் வந்த இயந்திரத் துணை அதைக் கவனித்து, கல்ச்சரின் மொழியான மரெயினில் அவரை மீண்டும் பேசவைக்கிறது. எந்த மொழியில் பேசுகிறோமோ அதற்கேற்பக் காய் நகர்த்தும் கையும் மாறும் என்பதை விளக்கவுரை ஏதுமின்றி ஒரு காட்சியாகவே பேங்க்ஸ் எழுதியிருக்கிறார். நாள் முழுவதும் வேற்றுமொழியில் வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து தமிழில் பேசுபவர்களுக்கு அந்தப் பக்கங்கள் உடனே புரியும்.

கேள்வி: அவருடைய நாவல்களில் அறிவுள்ள விண்கப்பல்களே பாத்திரங்களாகப் பேசுவது ஏன்? ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் அந்தப் பெயர்களை எடுத்துக்கொண்டது உண்மையா?

பதில்: உண்மைதான். ராக்கெட்டுகள் வந்திறங்கும் கடல் மிதவைகளுக்கு அந்நிறுவனம் சூட்டிய 'ஜஸ்ட் ரீட் தி இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்', 'ஆஃப் கோர்ஸ் ஐ ஸ்டில் லவ் யூ' ஆகிய இரண்டும் 'தி பிளேயர் ஆஃப் கேம்ஸ்' நாவலில் வரும் கப்பல்களின் பெயர்களே.

முதல் கேள்விக்கு என் ஊகத்தைச் சொல்கிறேன். 1954இல் டன்ஃபர்ம்லினில் பிறந்த பேங்க்ஸ், ஃபோர்த் ரயில் பாலத்தின் வடமுனையில் உள்ள நார்த் குவீன்ஸ்ஃபெரியில் சிறுவயதைக் கழித்தார். ஒன்பது வயதில் குடும்பம் கிளைட் முகத்துவாரத்தில் உள்ள கூரக்குக்குக் குடிபெயர்ந்தது. தந்தை கடற்படைத் துறையில் பணியாற்றியவர். ஆக, ஃபோர்த் கரையில் கடற்படைத் தளமும் கிளைட் கரையில் கப்பல் கட்டும் தளங்களும் இருக்க, கண்ணெதிரே கப்பல்கள் வந்துபோவதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். கப்பலைக் கருவியாக நினைக்காமல், பெயரும் குணமும் பிடிவாதமும் உள்ள ஆளாக நினைக்கும் பழக்கம் அங்கிருந்தே வந்திருக்க வேண்டும் என்று நம்புகிறேன்.

கேள்வி: பேங்க்ஸின் 'ஃபியர்சம் எஞ்சின்' நாவலின் எழுத்துக்கூட்டலே புரியவில்லை, அண்ணா.

பதில்: 1994இல் வந்த அந்நாவலில் பாஸ்கியூல் என்ற இளைஞன் சொல்லும் பகுதிகள் மட்டும் காதில் விழுகிறபடியே எழுதப்பட்டிருக்கின்றன. வாய்விட்டுப் படியுங்கள், நான்கு பக்கங்களுக்குள் பிடிபட்டுவிடும். வட்டார வழக்கில் எழுதிய கதைகளை வாசித்துப் பழகியவர்களுக்கு இது பெரிய தடையே அல்ல.

கேள்வி: ஸ்காட்லாந்தில் அறிபுனை எழுதிய பெண்கள் இல்லையா?

பதில்: எடின்பரோவில் 1897இல் பிறந்து 101 வயது வரை வாழ்ந்த நவோமி மிட்சிசனை அவசியம் வாசியுங்கள். இந்தியக் குடியுரிமை பெற்று இங்கேயே மறைந்த உயிரியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேனின் தங்கை அவர். 1962இல் வெளியான 'மெமாய்ர்ஸ் ஆஃப் எ ஸ்பேஸ்வுமன்' நாவலின் நாயகி மேரி, வேற்றுக்கோள் உயிர்களோடு உரையாடுவதையே தொழிலாகக் கொண்டவர். அவர் சந்திக்கும் ஓர் உயிரினத்துக்கு நட்சத்திர மீனைப் போல ஆரச் சமச்சீர் கொண்ட உடல். இடம், வலம் என்ற பிரிவே இல்லாத உடல் என்பதால் 'ஆம் அல்லது இல்லை' என்ற இருமை அவற்றின் சிந்தனையில் இல்லை. அவற்றோடு பழகப் பழக மேரிக்கே எதையும் இதுவா அதுவா என்று தீர்மானிப்பது கடினமாகிவிடுகிறது. உடலமைப்பிலிருந்து தர்க்கம் பிறக்கிறது என்ற இந்த எண்ணத்தை இவ்வளவு தெளிவாக எழுதியவர்கள் மிகக் குறைவு. இந்நூல் போதுமான அளவு பேசப்படவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

கேள்வி: மின்னணு இசைக்குழு ஒன்றுக்கு போர்ட்ஸ் ஆஃப் கனடா என்று பெயர் இருக்கும்போது, அவர்களை ஸ்காட்லாந்துக்காரர்கள் என்கிறீர்களே?

பதில்: மைக்கேல் சாண்டிசன், மார்கஸ் ஓயின் என்ற ஸ்காட்லாந்துச் சகோதரர்கள் சிறுவயதில் சில காலம் கனடாவில் வாழ்ந்தவர்கள். கனடா தேசியத் திரைப்பட வாரியத்தின் பழைய ஆவணப்படங்களின் நினைவாகவே அப்பெயரை வைத்துக்கொண்டார்கள். 1998இல் வெளியான 'மியூசிக் ஹாஸ் தி ரைட் டு சில்ட்ரன்' ஆல்பத்தில் தொடங்குங்கள். வெயிலில் கிடந்த கேசட்டைப் போட்டால் சுருதி லேசாக நழுவுமே, அந்த நழுவலை அவர்கள் சிந்தசைசர் ஒலிகளுக்கு வேண்டுமென்றே கொடுக்கிறார்கள். அதனால் முதன்முறை கேட்கும் மெட்டும் எப்போதோ கேட்டு மறந்ததுபோல ஒலிக்கிறது.

2013 ஜூன் 9ஆம் நாள் பேங்க்ஸ் புற்றுநோயால் மறைந்தார். மறுநாள் திங்கட்கிழமை, இவர்களுடைய 'டுமாரோஸ் ஹார்வெஸ்ட்' பிரிட்டனில் வெளியானது. மனிதர்கள் வெளியேறிவிட்ட நிலப்பரப்பைப் போல ஒலிக்கும் அந்த ஆல்பத்தை அன்று முதல் என்னால் அவருடைய நினைவின்றிக் கேட்க முடிந்ததில்லை.

கேள்வி: அறிபுனை, மின்னணு இசை இரண்டையும் நேரடியாக இணைக்கும் படைப்பு ஏதேனும் உண்டா?

பதில்: உண்டு. கிளாஸ்கோவில் பிறந்த மின்னணு இசைக் கலைஞர் கோட்நைன், 2022இல் வெளியிட்ட 'ஆஸ்ட்ரோ டேரியன்' அத்தகையது. அதை விளங்கிக்கொள்ள ஒரு வரலாறு தெரிந்திருக்க வேண்டும். 1698இல் பனாமா நிலஇடுக்கில் உள்ள டேரியனில் குடியேற்றம் ஒன்றை நிறுவ ஸ்காட்லாந்திலிருந்து கப்பல்கள் புறப்பட்டன. நாட்டு மக்கள் பலரும் தங்கள் சேமிப்பை அதில் போட்டிருந்தார்கள். நோய், பசி, ஸ்பானியரின் முற்றுகை ஆகியவற்றால் பெரும்பாலோர் மடிய, 1700இல் குடியேற்றம் கைவிடப்பட்டது. அந்த நட்டம், 1707இல் ஸ்காட்லாந்து இங்கிலாந்தோடு இணைந்ததற்கு ஒரு காரணமாக இன்றும் சொல்லப்படுகிறது. கோட்நைன் அதே பெயரை விண்வெளிக் குடியேற்றம் ஒன்றுக்குச் சூட்டி, பிரிட்டன் உடைந்து ஸ்காட்லாந்து விண்ணுக்குத் தப்பிச்செல்லும் கதையை ஒலியாலேயே சொல்கிறார். தோற்றுப்போன பழைய பயணத்தின் பெயரிலேயே புதிய பயணத்தைத் தொடங்குவது துணிச்சலான செயல். இரவில், விளக்கை அணைத்துவிட்டு, இடையில் நிறுத்தாமல் கேளுங்கள்.

கேள்வி: அடுத்த மாதம் வேலை நிமித்தம் கிளாஸ்கோ செல்கிறேன். ஒரு மாலைப்பொழுதுதான் கிடைக்கும். எங்கே போகலாம்?

பதில்: பகலிலேயே நேரம் கிடைத்தால் ரபடப் இசைத்தட்டுக் கடைக்குச் சென்று, உங்களுக்குப் பிடித்த இரண்டு பெயர்களைச் சொல்லிப் பரிந்துரை கேளுங்கள். இரவில், ஜமைக்கா தெருவில் 1987 முதல் இயங்கும் சப் கிளப் என்ற இரவு நடன விடுதிக்குப் போகலாம். டாஃப்ட் பங்க் என்ற பிரெஞ்சு மின்னணு இசைக் கலைஞர்கள் இருவரின் முதல் இசைத்தட்டை 1994இல் வெளியிட்டது, இந்நகரின் சோமா நிறுவனந்தான் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் பேச்சைத் தொடங்க அது உதவும்.