பல்கலைக்கழக ஆய்வுக்காக, வன்னியில் இருந்துகொண்டு இணையப் பொய்த்தகவல்களையும் சதிக்கதைகளையும் செயற்கை நுண்ணறிவால் ஆராய முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால் பல்கலைக்கழக ஆய்வுக்கு என்று கேட்டிருக்கிறீர்கள், அதனால் முதலே சொல்லிவிடுகிறேன்: "உண்மையா பொய்யா என்று சொல்லும் கருவி செய்யப் போகிறேன்" என்று மட்டும் தொடங்காதீர்கள், அநேகமானவர்கள் அங்கேதான் போய் மாட்டுகிறார்கள்.

மாரி பிறந்தால் கிளிநொச்சியில் வட்ஸ்அப்பில் சுற்றுகிற குரல்பதிவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சு வாங்க ஒரு ஆள் பேசுவார், பின்னால் தகரத்தில் மழைச் சத்தம். "இரணைமடு வான்கதவு திறந்தாச்சு, குளக்கட்டும் உடைஞ்சிட்டுது, எல்லாரும் மேட்டுப் பக்கம் போங்கோ." கதவு திறந்தது உண்மை, கட்டு உடைந்தது பொய், மேட்டுக்குப் போகச் சொன்னது குளத்துக்குக் கீழே முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கம் இருப்பவருக்கு நல்ல புத்தி, அந்த நீர் போகாத அக்கராயனில் இருப்பவருக்கு வீண் அலைச்சல். இதற்கு எந்த லேபிளை ஒட்டுவீர்கள்? ஒவ்வொரு கூற்றாகப் பிரித்து, எந்த ஊர், எந்த நேரம் என்றும் சேர்த்துக் குறிக்க வேண்டும், அதை இடம் தெரிந்த ஆள்தான் செய்யலாம். கட்டு உடைந்ததா என்பதை நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு அடிக்கிற ஒரு போன் சொல்லும், செயற்கை நுண்ணறிவு மாதிரி (model) சொல்லாது.

மாதிரிக்குச் சரியான வேலை தேடுவதும் ஒப்பிடுவதும்தான். 2018 டிசம்பர் வெள்ளம் போன்ற ஒரு வெள்ளத்தில் சுற்றிய பதிவு நாலு வருசம் கழித்து அப்படியே திரும்ப வந்தால், ஒலியை ஒப்பிட்டு "இது பழைய சரக்கு" என்று அது நொடியில் பிடித்துவிடும். நாங்கள் ஆங்கில எழுத்தில் தட்டுகிற தமிழிலும் பேச்சு வழக்கிலும் அது தடுமாறும், அதற்கு நேரம் ஒதுக்கி வையுங்கள்.

சதிக்கதை வேறு சாமான். 2020இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பீட்சாகேட் கதையையும் (வாஷிங்டன் பீட்சாக் கடை ஒன்றில் அரசியல்வாதிகள் பிள்ளைகளைக் கடத்துகிறார்கள் என்ற பொய்), நியூஜேர்சியில் உண்மையாகவே நடந்த பிரிட்ஜ்கேட் சதியையும் (அரசியல் பழிவாங்கலுக்காகப் பாலத்துக்குப் போகும் பாதைகளை மூடியது) ஆள், இடம், தொடர்பு என்று கணினியால் வலையாக வரைந்து பார்த்தார்கள். பீட்சாகேட்டில், கசிந்த ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளத்தின் மின்னஞ்சல்களில் இருந்து கட்டிய இணைப்புகளைக் கழற்றியதும் கதை துண்டு துண்டாகிவிட்டது. பிரிட்ஜ்கேட்டோ ஒரு சிலரை நீக்கியும் குலையவில்லை. எனக்குப் பிடித்த ஆய்வு இது, ஏனென்றால் உண்மையா என்று கேட்காமல் கதை எப்படிக் கட்டப்பட்டது என்று கேட்கிறது.

2024இல் சயன்ஸ் (Science) என்ற ஆய்விதழில் வந்த ஆய்வையும் வாசியுங்கள். அமெரிக்காவில் 2,190 பேர் தாங்கள் நம்பும் சதிக்கதையைப் பற்றி ஜிபிடி-4 டர்போ என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரியுடன் மூன்று சுற்றுப் பேசினார்கள், நம்பிக்கை சராசரியாக 20 சதவீதம் குறைந்து இரண்டு மாதம் கழித்தும் அப்படியே நின்றது. அவரவர் சொன்ன காரணத்துக்கே பதில் கொடுத்தது வேலை செய்திருக்கிறது. அதே முடிவு இங்கும் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். யுத்த காலத்தில் வானொலிச் செய்தியை விடச் சைக்கிளில் வந்தவர் சொன்னதை நம்பி உயிர் தப்பிய சனம் இது, உத்தியோகபூர்வ அறிவிப்பைக் காட்டினால் சந்தேகம் கூடவும் செய்யலாம்.

அப்புறம், வட்ஸ்அப் குழுக்களுக்குள் சொல்லாமல் நுழைந்து பதிவுகளை அள்ளாதீர்கள். அட்மினிடம் கேளுங்கள், ஆட்கள் தாங்களாகவே அனுப்பித் தருவதை மட்டும் வாங்குங்கள், இலக்கங்களையும் பெயர்களையும் அழித்த பிறகே கணினியில் ஏற்றுங்கள். குரலை வைத்தே ஆளைப் பிடிக்கிற ஊர், ஒலிக் கோப்பை வெளியே விடவே வேண்டாம்.