பேட்டரி மூடியில் ஸ்க்ரூ இருக்கிறதா?

மூன்று வயதுக்குள் குழந்தை இருக்கும் வீடுகளிலிருந்துதான் இந்த முறை நிறையக் கேள்விகள். அவற்றில் ஐந்துக்கு இங்கே பதில்.

கேள்வி: எங்கள் மகளுக்கு ஒன்றே கால் வயது. பாட்டுப் பாடி விளக்கு எரியும் பொம்மை ஒன்று பரிசாக வந்தது. பெட்டியில் 3+ என்று போட்டிருக்கிறது. மகள் வயதுக்கு மீறிய சுட்டி. கொடுக்கலாம்தானே?

வேண்டாம், எடுத்து வைத்துவிடுங்கள். உங்கள் மகள் சுட்டி என்பதை நான் அப்படியே நம்புகிறேன். ஆனால் அந்த 3+ அவள் புத்தியை அளந்து போட்டதில்லை, தொண்டையை நினைத்துப் போட்டது. இந்த வயதில் கைக்குக் கிடைத்தது எதுவும் முதலில் வாய்க்குத்தான் போகும். சுட்டிக் குழந்தை என்றால் இன்னும் வேகமாகவே போகும்.

பொம்மைகளைச் சோதிக்கும்போது 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சின்னக் குழாய் ஒன்றில் போட்டுப் பார்ப்பார்கள். அதற்குள் முழுதாக அடங்கிப்போகும் துண்டு எதுவும் மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆகாது. வீட்டில் இதைச் செய்ய டாய்லெட் பேப்பர் தீர்ந்ததும் மிஞ்சும் அட்டைக் குழாய் போதும். அது இன்னும் கொஞ்சம் அகலம் என்பதால் சோதனை கூடுதல் கண்டிப்பாகவே இருக்கும். பொம்மையைக் கையில் எடுத்துக் கண், மூக்கு, சக்கரம், பட்டன் எல்லாவற்றையும் நன்றாக இழுத்துப் பாருங்கள். கழன்று வந்ததைக் குழாயில் போடுங்கள். உள்ளே விழுந்தால் அந்தப் பொம்மை வேண்டாம்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை அந்தப் பாட்டும் விளக்கும். அவை எந்தப் பேட்டரியில் ஓடுகின்றன? பொம்மையின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். நாணயம் மாதிரித் தட்டையாக இருக்கும் பட்டன் பேட்டரி என்றால், அதன் மூடியில் ஸ்க்ரூ இருந்தே ஆக வேண்டும். குழந்தை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் ஈரம் பட்டதும் மின்சாரம் ஓடத் தொடங்கும். அதனால் மைனஸ் பக்கத்தில் கடும் காரம் உண்டாகிச் சதையை அரித்துவிடும். பேட்டரி உடைந்து ஒழுக வேண்டியதே இல்லை. இரண்டே மணி நேரத்தில் பெரிய சேதம் ஆகிவிடலாம். 'தீர்ந்துபோனதுதானே' என்று மேஜையில் போட்டு வைப்பதும் ஆபத்து, ஏனென்றால் இதற்கு வேண்டிய மின்சாரம் அதில் இன்னும் மிச்சமிருக்கும். மிக மோசமானது 20 மி.மீ. அகல லிதியம் வகை. பேட்டரியின் மேல் 2032 என்றிருந்தால் முதல் இரண்டு எண்கள் அந்த அகலத்தைக் குறிக்கும், அடுத்த இரண்டும் 3.2 மி.மீ. தடிமனை.

அமெரிக்காவில் இப்படி இறந்துபோன ஒன்றரை வயதுக் குழந்தையின் பெயரில் 2022-இல் ஒரு சட்டமே வந்தது. பட்டன் பேட்டரி போடும் பொருள்களின் மூடியைக் குழந்தை திறக்க முடியாதபடி செய்ய வேண்டும் என்கிறது அது. பொம்மைகளுக்கு அங்கே விதி ஏற்கெனவே இருந்தது. பெரியவர்கள் பயன்படுத்தும் பொருள்களில்தான் ஓட்டை. ரிமோட், எடை பார்க்கும் மெஷின், கார் சாவி, இசையோடு திறக்கும் வாழ்த்து அட்டை, தெர்மாமீட்டர் எல்லாம் அந்த வகை. எங்கள் வீட்டில் ஒருநாள் விளக்கு ரிமோட் கீழே விழுந்து, மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம் ஓடியது. பையன் நாலு அடி தள்ளி உட்கார்ந்திருந்தான். அன்றிலிருந்து ஸ்க்ரூ இல்லாத மூடியோடு எதுவும் நான் வாங்குவதில்லை.

குழந்தை பேட்டரியை விழுங்கிவிட்டதோ என்று சந்தேகம் வந்தாலே கிளம்பிவிடுங்கள், எக்ஸ்ரே எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு. குழந்தை சாதாரணமாக விளையாடிக்கொண்டுகூட இருக்கும். எச்சில் வழிவது, இருமல், சாப்பிட மறுப்பது மட்டுமே அறிகுறியாக இருக்கலாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஒரு வயது தாண்டிய குழந்தை, முழுங்க முடிகிறது, விழுங்கி 12 மணி நேரம் ஆகவில்லை என்றால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், ஆறு தடவை வரை. தேனைத் தேடிக்கொண்டு மட்டும் நேரத்தை விடாதீர்கள். எந்தப் பேட்டரி என்று தெரிந்தால் அதே மாதிரி ஒன்றையோ அதன் உறையையோ கையோடு கொண்டுபோங்கள்.

சின்னச் சின்னக் காந்த உருண்டைகளும் இதே ரகம்தான். இரண்டு உள்ளே போனால் குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து ஒட்டிக்கொண்டு துளைத்துவிடும். அண்ணன், அக்கா விளையாடட்டும் என்றுகூட வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

கேள்வி: பேத்திக்குப் பத்து மாதம். சக்கரம் வைத்த வட்ட வாக்கர் வாங்கித் தர ஆசை. மருமகள் வேண்டாம் என்கிறாள். என் பிள்ளைகள் அதில்தான் வளர்ந்தார்கள்.

அம்மா, உங்கள் மருமகள் சொல்வதுதான் சரி. குழந்தையை நடுவில் உட்கார வைக்கும் அந்த வாக்கரின் விற்பனையையும் இறக்குமதியையும் கனடா 2004-இலேயே தடை செய்துவிட்டது. அதில் இருக்கும் குழந்தை ஒரு நொடியில் ஒரு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். நீங்கள் அதே அறையில் நின்றால்கூட எட்டிப் பிடிக்க முடியாது. படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபடுவது, எட்டாத உயரத்தில் இருந்த சூடான பாத்திரம் எட்டிவிடுவது எல்லாம் இப்படித்தான் நடக்கின்றன. நடையும் சீக்கிரம் வராது. குழந்தை நுனிக்காலால் தள்ளிப் பழகிவிடும், தன் பாதத்தையும் அதனால் பார்க்க முடியாது.

ஆசையாக வாங்க நினைக்கிறீர்கள், வெறுங்கையோடு போக வேண்டாம். பேத்தி தானாகப் பிடித்து எழுந்து நிற்கத் தொடங்கியதும் நின்றுகொண்டு தள்ளும் நடைவண்டி வாங்கிக் கொடுங்கள். அடிப்பாகம் அகலமாக, கனமாக இருக்க வேண்டும். கடையில் அதன் கைப்பிடியை நீங்களே கீழ்நோக்கி அழுத்திப் பாருங்கள். முன்சக்கரம் தூக்கினால் அதை வைத்துவிட்டு வேறு பாருங்கள்.

கேள்வி: உறவினர் வீட்டிலிருந்து கட்டில், கார் சீட், பொம்மை, துணி எல்லாம் ஒரு வண்டி நிறைய வருகிறது. எதை எடுத்துக்கொள்ளலாம்?

துணியைச் சந்தோஷமாக எடுத்துக்கொள்ளுங்கள், குழந்தைத் துணி கிழிவதற்குள் சின்னதாகிவிடும். கழுத்திலும் தொப்பியிலும் நாடா தொங்கினால் உருவி எறிந்துவிடுங்கள், எங்காவது மாட்டி இறுக்கும். புத்தகம், மரக்கட்டைகளும் சரி. ரொம்பப் பழைய, பெயின்ட் உரியும் பொம்மையை மட்டும் ஒதுக்குங்கள். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கலாம்.

கட்டிலுக்கு அளவு பார்க்க வேண்டும். கம்பிகளுக்கு நடுவே 6 செ.மீ. அளவுக்கு மேல் இடைவெளி கூடாது. ஒரு பக்கம் மேலும் கீழும் இறங்கும் பழைய மாடல் என்றால் வேண்டவே வேண்டாம், அமெரிக்கா 2011-இல் அந்த வகையை விற்பதையே நிறுத்திவிட்டது.

கார் சீட் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். விபத்தில் சிக்கிய சீட் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், உள்ளே விரிசல் இருக்கும். அது ஒரு விபத்தையும் பார்த்ததில்லை என்று உறவினர் உறுதியாகச் சொல்ல வேண்டும், காலாவதித் தேதியும் லேபிளும் இருக்க வேண்டும், கையேடும் வார்களும் முழுதாக இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். மற்ற எல்லாவற்றிலும் மிச்சம் பிடித்து இதற்குச் செலவழியுங்கள்.

கேள்வி: டயப்பர் தள்ளுபடியில் வருகிறது. ஆறு மாதத்துக்கு வாங்கி அடுக்கிவிடலாமா?

ஒரு மாதத்துக்கு மேல் வேண்டாம். தொடையில் சிவப்புத் தடம் விழ ஆரம்பித்தாலோ, முதுகுப் பக்கம் ஒழுக ஆரம்பித்தாலோ அடுத்த அளவுக்கு வந்துவிட்டான் என்று அர்த்தம். அது எந்த வாரம் வரும் என்று சொல்ல முடியாது. அப்புறம், பாக்கெட் விலையை ஒப்பிடாதீர்கள், எண்ணிக்கையால் வகுத்து ஒன்றின் விலையைப் பாருங்கள். அளவு கூடக்கூட அதே பாக்கெட்டுக்குள் எண்ணிக்கை குறையும்.

கேள்வி: ஒன்றரை வயதுப் பையன். எழுத்து, எண் எல்லாம் கற்றுத்தரும் குழந்தை டேப்லெட் வாங்கலாமா? சமைக்கும் நேரத்தில் எனக்கும் உதவியாக இருக்கும்.

அந்தச் சமையல் நேரம் எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், அதனால் அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னபடி, ஒரு வயதுக் குழந்தைக்கு உட்கார்ந்து திரை பார்ப்பதே வேண்டாம். இரண்டு வயதிலிருந்து நான்கு வரை ஒரு நாளுக்கு ஒரு மணி நேரம்தான், அதுவும் குறைந்தால் நல்லது. எழுத்து ஓடிப்போகாது.

அடுப்பிலிருந்து தள்ளி, உங்கள் கண்ணில் படும் இடத்தில் கீழ் அலமாரி ஒன்றை அவனுக்கே கொடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் டப்பா, அதற்கான மூடிகள், மரக்கரண்டி, மடித்த துணி. வாரம் ஒருமுறை நான்கு பொருளை எடுத்துவிட்டு வேறு நான்கு வையுங்கள். அலமாரி உயரமானது என்றால் முதலில் சுவரோடு திருகி இறுக்கிவிடுங்கள், இழுப்பறைகளைப் படியாக்கி ஏறிவிடுவான். பதினைந்து நிமிடம் தாங்கும். அவன் மூடியைத் தேடும்போது நீங்கள் 'இது பெரிசு, அது சின்னது' என்று பேசிக்கொண்டே வெட்டுங்கள்.