பிஎச்பி தளமும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தள கனெக்‌ஷனும்: வாசகர் கேள்விகள்

தீபாவளி ஆர்டர் நேரத்தில் தளம் 'டூ மெனி கனெக்‌ஷன்ஸ்' என்கிறது. மேக்ஸ் கனெக்‌ஷன்ஸை (ஒரே நேரத்தில் எத்தனை கனெக்‌ஷன் என்ற வரம்பு) 2,000 ஆக்கலாமா? (தேக்கா)

வேண்டாம். மைஎஸ்க்யூஎல் இயல்பாகத் தருவது 151. ரிக்வெஸ்ட்டுகளை இயக்கும் வொர்க்கர்களை நிர்வகிக்கும் உங்கள் பிஎச்பி-எஃப்பிஎம்மில் மேக்ஸ் சில்ட்ரன் (வொர்க்கர் எண்ணிக்கையின் உச்சம்) எவ்வளவு? 80 வைத்து இரண்டு சர்வர் ஓடினாலே 160 ஆகிவிடும். முதலில், திறந்திருக்கும் கனெக்‌ஷன்களைக் காட்டும் ஷோ பிராசஸ்லிஸ்ட் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். 'ஸ்லீப்' (வேலையின்றித் திறந்திருப்பது) வரிசையாக நின்றால், பெரும்பாலும் பேநவ் கட்டணச் சேவையின் பதில் வரும்வரை கனெக்‌ஷனைப் பிடித்துவைத்திருக்கிறீர்கள். ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு கனெக்‌ஷன்தான். லூப்புக்குள் திறக்கவே கூடாது.

வேலை செய்யவில்லை, உடனே உதவவும். (உட்லண்ட்ஸ்)

பிழை எண் எங்கே? 1045 என்றால் பயனர் பெயரோ பாஸ்வேர்டோ தவறு. 2002 என்றால் சர்வரையே எட்டவில்லை. லோக்கல்ஹோஸ்ட் என்பதை 127.0.0.1 என்று மாற்றிப் பாருங்கள், முன்னது சாக்கெட் (அதே கணினிக்குள் உள்ள கோப்பு) வழி, பின்னது டிசிபி (நெட்வொர்க்) வழி. எண் இல்லாத கடிதத்துக்குப் பதில் சொல்ல இயலாது.

பெர்சிஸ்டன்ட் கனெக்‌ஷன் (ரிக்வெஸ்ட் முடிந்தும் மூடாதது) போட்டால் தளம் வேகமாகும் என்றார் நண்பர். (ஈசூன்)

இந்த யோசனையை யார் பரப்புகிறார்களோ! தரவுத்தளம் அதே கணினியில் இருந்தால் கனெக்‌ஷன் திறக்க ஆகும் நேரம் மிகச் சொற்பம். மெதுவாக ஓடுவது பெரும்பாலும், தேடலை விரைவாக்கும் இன்டெக்ஸ் இல்லாத கொயரி (தரவுத்தளக் கட்டளை). பெர்சிஸ்டன்ட் போட்டால், தளத்துக்கு யாரும் வராத நேரத்திலும் ஒவ்வொரு எஃப்பிஎம் வொர்க்கரும் ஒரு கனெக்‌ஷனை விடாமல் பிடித்திருக்கும். அதைவிட மோசம் மிச்சங்கள்: பிடிஓவில் (தரவுத்தளத்துடன் பேசும் பிஎச்பி வசதி) ஒருவரின் ரிக்வெஸ்ட் உருவாக்கிய தற்காலிக டேபிள், மாற்றிய செஷன் மாறி எல்லாம் அப்படியே அடுத்தவருக்குப் போகும். மைஎஸ்க்யூஎல்ஐ என்ற இன்னொரு பிஎச்பி வசதியில், ஹோஸ்ட் பெயருக்கு முன் 'பி:' போட்டுப் பெர்சிஸ்டன்ட் ஆக்கினால் அவை துடைக்கப்படும். ஆனால் அந்தத் துடைப்புக்கும் நேரம் ஆகும். தரவுத்தளம் தொலைவில், டிஎல்எஸ் மறையாக்கத்துடன் இருந்தால் மட்டும் உங்கள் நண்பர் சொல்வதில் நியாயம் உண்டு. அப்போதும் முதலில் கனெக்‌ஷன்களைத் திறந்துவைத்துப் பகிர்ந்தளிக்கும் பிராக்ஸிஎஸ்க்யூஎல் போன்ற பூலரைப் பாருங்கள்.

தமிழ்ப் பெயர்கள் ???? ஆகின்றன. (தெம்பனிஸ்)

டிஎஸ்என்னில் (கனெக்‌ஷன் விவர வரி) சார்செட், அதாவது எழுத்துக் குறியாக்கம், யூடிஎஃப்8எம்பி4 என்று கொடுங்கள். டேபிளும் அதிலேயே இருக்க வேண்டும். ஏற்கெனவே ???? என்று பதிவானவை திரும்பி வரா. பேக்கப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

ஆர்டர் நேரம் 8 மணி நேரம் பின்தங்குகிறது. (பொங்கோல்)

கனெக்‌ஷன் திறந்ததும் செட் டைம்_ஸோன் '+08:00' கொடுங்கள். 'ஏசியா/சிங்கப்பூர்' என்று பெயர் கொடுத்தால், நேர மண்டல டேபிள்களை ஏற்றாத சர்வரில் பிழை வரும்.

இரவு முழுதும் ஓடும் ஸ்கிரிப்ட்டில் பிழை 2006, 'கான் அவே' (கனெக்‌ஷன் அறுந்தது). (ஜூரோங் வெஸ்ட்)

சும்மா இருக்கும் கனெக்‌ஷனைச் சர்வர் விட்டுவைக்கும் நேரமான வெய்ட் டைம்அவுட் இயல்பாக 28,800 வினாடி, அதாவது 8 மணி நேரம். பல ஹோஸ்டிங்கில் இன்னும் குறைவு. வேலை இல்லாதபோது கனெக்‌ஷனை விட்டுவிட்டு, தேவைப்படும்போது புதிதாகத் திறங்கள். கனெக்‌ஷனை விட, பிடிஓ மாறியை 'நல்' (வெற்று) ஆக்கினால் போதாது, கொயரியை வைத்திருக்கும் ஸ்டேட்மென்ட் மாறியையும் 'நல்' ஆக்க வேண்டும். புதிதாகத் திறப்பதையும் லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் செய்யாதீர்கள்.